நாவல்பழ நிறக் கோடி

பொம்மையன் செத்துப்போன சேதி வந்தபோது திண்டுக்கல் மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்திருந்தது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. இஞ்ஞாசியம்மாள் டீச்சர் வீட்டு முன்னறையில் ஒச்சம்மாள் சேலை மூட்டையை அவிழ்த்து வைத்து, பச்சைச் சேலை ஒன்றைத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்.

“ஆத்தூர் பொம்மையன் சம்சாரம் இங்க இருக்காகன்னு பஸ் ஸ்டாண்டுல சொன்னாக.”

“நான்தான். நீங்க யாரு?”

அவர் பேகம்பூர் அப்துல் சுக்கூர். பினாங்கிலிருந்து ஊர் திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் பேரைச் சொல்லி விசாரித்தபோது யாருக்கும் தெரியவில்லையாம். ஆத்தூர்ப் பக்கம் யாரோ சொன்னபடி, சேலை விற்கிற அம்மா என்றதும், “ஒசரமா, கறுப்பா, முழங்கை வரைக்கும் ரவிக்க போட்டு, காதுல வெள்ளி வளையம் ஆடுமே, அந்தம்மாவா?” என்று நாலு பேர் ஒன்றாகக் கை காட்டினார்களாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் குடையைப் பார்த்தபடி நின்றார். சொல்ல வந்தது இதுவல்ல என்று ஒச்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லுங்க பாய்.”

“பொம்மையன் மௌத்தாயிட்டாரும்மா. காய்ச்சல். நான் கூடத்தான் இருந்தேன். ஒங்க முறைப்படி செய்யிறதுக்கு ஆளு தேடி வச்சுத்தான் அடக்கம் பண்ணினோம்.”

டீச்சர் எழுந்து வந்து ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சம்மாள் மெதுவாகக் கையை விடுவித்து, தோளில் கிடந்த பச்சைச் சேலையை எடுத்து மடித்தாள். கரையும் கரையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து மடித்தாள்.

“என்னைக்கு?”

“இந்தத் தை இல்ல, போன தையும் இல்ல, அதுக்கு முந்தின தை. பொங்கல் கழிச்சு. ஊருக்கு வாற ஆளு யாரும் கெடைக்கல தாயி. நானே வந்து நேருல சொல்லணும்னு வச்சிருந்தேன்.”

“கஷ்டப்பட்டாரா?”

“இல்ல. தூங்குனாப்புலதான் போனாரு.”

பெரியவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். ஒச்சம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பொம்மையன் கப்பலேறியபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. இப்போது ஐம்பது. முதலில் பணம் வந்தது. பிறகு சேதி மட்டும் வந்தது. ஜப்பான் சண்டைக்காலத்தில் அதுவும் நின்றது. முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். வரவில்லை. வெற்றிலை போடும்போது காம்பைக் கிள்ளி எப்போதும் இடது பக்கமாகவே எறிவான், அது மட்டும் வந்தது. அதற்குத்தான் அழுதாள்.

அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டவள் திடீரென்று சொன்னாள்:

“அந்தத் தையில நான் நத்தத்துல இருந்தேன் டீச்சர். பொங்கல் யாவாரம். கடுகு மஞ்சச் சேல கட்டித் தெருத்தெருவாத் திரிஞ்சேன்.”

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒச்சம்மாள் அந்தக் கடுகு மஞ்சளுக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. புருஷன் போனதும் அண்ணன் கண்ணுசாமி அவளை ஆத்தூரிலேயே இருந்த தன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். பிள்ளையும் இல்லை. தென்னந்தோப்பு வேலை, மாட்டு வேலை, அடுப்படி வேலை எல்லாவற்றுக்கும் அவள்தான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் உடுத்தியதெல்லாம் மதினி அய்யம்மாள் கட்டிக் கழித்த சேலைகள். மதினி குள்ளம், சிவப்பு. நாத்தனார் நெட்டை, கறுப்பு. மதினியின் சேலை ஒச்சம்மாளுக்குக் கணுக்கால் எட்டாது. பதினான்கு வருஷம் அவள் அப்படித்தான், யாரோ ஒருத்தியின் உடம்புக்கு எடுத்த துணியில், குனிந்து நடந்து பழகினாள்.

நாற்பத்திரண்டு வயதில் காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றி விற்றாள். சின்னாளபட்டிக்குப் போய் அதற்கு ஒரு மூட்டைச் சேலை எடுத்தாள். வடமதுரை, நத்தம், ஆத்தூர் என்று நடந்து விற்கத் தொடங்கினாள். முதல் வருஷம் வியாபாரமே இல்லை. மூட்டையில் கிளிப்பச்சையும் அரக்கும் இருக்கும். தூக்கி வருகிறவளோ சாயம் போன சாம்பலில் வருவாள். வீட்டுக்குள் இருந்தபடியே, “ஒண்ணும் வேணாம், போத்தா” என்று விடுவார்கள்.

வடமதுரையில் ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. கட்டியிருந்த சேலை பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்துவிட்டது. நடுங்கிப்போய், கோயில் மண்டபத்துத் தூண் மறைவில், மூட்டையிலிருந்த அரக்குச் சேலை ஒன்றை எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்தாள். தெருவுக்குள் நுழைந்தபோது ஒருத்தி கதவைத் திறந்து, “இந்தா, நில்லு. அந்தச் சேலைய எடு பாப்போம்” என்றாள்.

“எந்தச் சேல?”

“நீ கட்டிருக்கியே, அது.”

“அதக் குடுத்துட்டு நான் எப்படித்தா வீடு போவேன்?”

தெருவே சிரித்தது. மறு வாரம் அதே நிறத்தில் நாலு சேலை கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பிடிபட்டது வியாபாரம் மட்டுமல்ல. மழைத் தண்ணீர் தேங்கிய கல்தொட்டியில் குனிந்து பார்த்தபோது, அரக்கு நிறத்துக்கு மேலே தன் முகம் தெளிவாக, யாருடையதோ போல் அழகாக இருந்ததைக் கண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு துணி எடுக்கும்போது கடைக்குள் வைத்துப் பார்ப்பதில்லை. வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்து, முழங்கையை நீட்டி, அதன்மேல் போட்டுப் பார்ப்பாள். கறுப்பு உடம்புக்கு வெளிறிய நிறம்தான் கட்டவேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். வெயில் வேறாகச் சொன்னது. கடுகு மஞ்சள், அரக்கு, மயில் கழுத்து. பெரிய கரை கூடாது, உயரத்தை வெட்டும். சிறு கரை போதும். கொசுவத்தை அடர்த்தியாக வைத்துத் தரையைத் தொடாமல் ஒரு விரல் தூக்கிக் கட்டவேண்டும், நடக்கிறவளுக்கு அதுதான் வசதி.

ரவிக்கை தைத்துக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான். அவள் வயதுக்காரிகள் ஊரில் ரவிக்கை போடுவதில்லை. திண்டுக்கல் தையல்காரர் அளவெடுக்காமல், “மகளுக்காம்மா?” என்று கேட்டார்.

“எனக்குத்தான். கை முழங்கை வரைக்கும் வரணும். கழுத்து மூடி இருக்கணும். உள்ளுக்குள்ள ஒரு பை வச்சுருங்க, சுருக்குப்பைய மறந்து தொலைக்கிறேன்.”

ஆத்தூருக்கு அதைப் போட்டுக்கொண்டு போன நாள் மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். “கெழவிக்குக் குப்பாயம் மாட்டிவிட்டது யாரு? சர்க்கஸ்ல சேரப் போறியாத்தா?”

“சேத்துக்கிட்டா போறேன் மதினி. அங்கயும் சேல வாங்க ஆளு இருக்கும்ல?”

தண்டட்டி போட வளர்த்த காது மட்டும் வெறுமையாகத் தொங்கியது. அறுத்துத் தைத்துக்கொள்ளும்படி டீச்சரே சொன்னாள். அப்போது நிறையப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படிச் செய்து, பொட்டுப் போல் தோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சம்மாள் யோசித்துவிட்டு, மாட்டேன் என்றாள். தட்டானிடம் கனமில்லாத பெரிய வெள்ளி வளையம் இரண்டு செய்து மாட்டிக்கொண்டாள். நடந்தால் அவை கழுத்தில் தொட்டுத் தொட்டு விலகும். வளையம் ஆடும் அம்மா என்று நாலு ஊருக்கு அவள் அடையாளமானது அப்படித்தான்.

இவ்வளவையும் கட்டி எழுப்பி முடித்த பிறகுதான் பினாங்குச் சேதி வந்தது.

ஆத்தூரில் பங்காளிகள் கூடினார்கள். செத்த நாள் எதுவானாலும் கேட்ட நாள்தான் கணக்கு என்றார் ஒரு பெரியவர். அன்றிலிருந்து பதினாறாம் நாள் கருமாதி என்று முடிவாயிற்று. ஒச்சம்மாள் எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டு மூலையறையில் பாய் விரித்து உட்கார்ந்தாள். வந்து கட்டிக்கொண்டு அழுதவர்களோடு அழுதாள். அழாத நேரத்தில், கருமாதி அன்று என்ன நடக்கும் என்பதை நினைத்துக்கொண்டிருந்தாள். தாலி கழற்றியதும் பிறந்த வீட்டார் வெள்ளைச் சேலை கொண்டுவந்து போர்த்துவார்கள். அதற்குக் கோடி என்று பெயர். போர்த்திய பிறகு சாகிறவரைக்கும் வெள்ளைதான். ரவிக்கை கிடையாது. காதில் ஒன்றும் ஆடக்கூடாது. தண்ணீர்த் தொட்டியில் பார்த்த முகத்தை அந்த வெள்ளைக்குள் வைத்து நினைத்துப் பார்த்தாள். மதினியின் பழைய சேலைக்குள் இருந்த அதே குனிந்த பெண்தான் தெரிந்தாள்.

கருமாதிக்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணன் கோடி எடுத்து வந்தார். நல்ல கனமான பருத்தி. மதினிதான் கடையில் தேர்ந்தெடுத்திருந்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீக.”

“சொல்லுத்தா.”

“தாலி அவரு கட்டுனது. அவரு போயாச்சு. நானே கழட்டித் தாரேன், யாரும் பிடிச்சு இழுக்க வேணாம். மெட்டியும் தாரேன். ஆனா சேலை அவரு எடுத்துக் குடுத்தது இல்ல. என் காலு தேய நடந்து நானே எடுத்தது. அத நான் விட மாட்டேன்.”

கண்ணுசாமி கத்துகிற ஆள் இல்லை.

“அறுத்தவ கலர்ச்சேல கட்டுனா வீட்டுக்கு ஆகாதுத்தா.”

“நான் அறுத்தவளாகி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு அண்ணே, தெரியாம இருந்தேன், அம்புட்டுதான். அம்புட்டு நாளும் மஞ்சளும் அரக்கும்தான் கட்டிருக்கேன். ஒங்க தோப்புல காய் கொறஞ்சுச்சா? மாடு செத்துச்சா? போன வருஷம் மழ பெய்யலயா?”

கதவோரம் நின்ற மதினி குறுக்கிட்டாள். “தெரியாமச் செஞ்சது வேற, தெரிஞ்சு செய்யிறது வேற. எம்மக ராமுத்தாய்க்கு ஒட்டன்சத்திரத்துல மாப்பிள்ள பேசிட்டு இருக்கோம். அவுக வந்து பாக்கயில நீ மயிலாட்டம் நின்னா எங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

அண்ணன் கடைசியில் ஒரே பேச்சாகச் சொன்னார். “நாளைக்கு நான் கோடி போடுவேன். போடலைன்னா பொறந்த வீடு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் இந்த வாசலுக்கு வரணும்னா அந்தக் கோடியக் கட்டிக்கிட்டு வா. இல்லைன்னா வராத.”

மறுநாள் எல்லாம் முறைப்படி நடந்தது. ஒச்சம்மாள் தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். அண்ணன் கோடியைப் போர்த்தி, நுனியை இழுத்துச் சரிசெய்தார். அவள் அதை உதறவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊர் திருப்தியாகக் கலைந்தது. மறுநாள் காலையில் கோடியை நாலாக மடித்து மூட்டைக்குள் வைத்து, அரக்குச் சேலையும் ரவிக்கையும் உடுத்தி, வளையத்தை மாட்டிக்கொண்டு, திண்டுக்கல் பஸ்ஸுக்கு நின்றாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றக்கூடச் செய்தாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

டீச்சர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை வாடகைக்குக் கிடைத்தது. வடமதுரையில் சில வீடுகள் அவளைக் கூப்பிடாமல் விட்டன. நல்ல நாளும் அதுவுமாக அறுத்தவள் கையால் சேலை வாங்குவதா என்று கேட்டார்கள். வேறு சில வீடுகள் பழையபடி கூப்பிட்டன. இரண்டு மூன்று வீடுகளில், அதுவரை வெள்ளையோடு உள்ளறையில் இருந்தவர்கள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, “இந்தச் சாம்பல் நீலம் எனக்குக் கட்டலாமா?” என்று மெதுவாகக் கேட்டார்கள். “கைய நீட்டுங்க, வெயிலுக்கு வாங்க” என்பாள் ஒச்சம்மாள்.

மூட்டையின் அடியில் கோடி கிடந்தது. எறியவும் மனம் வரவில்லை, கட்டவும் முடியவில்லை. அண்ணன் நுனியை இழுத்துச் சரிசெய்ததை நினைக்கும்போதெல்லாம் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ஐப்பசியில் சின்னாளபட்டிக்குச் சரக்கெடுக்கப் போன இடத்தில், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் துணியை விரல் நுனியில் துளி கிள்ளி, நூலால் இறுக்கிச் சுற்றி, அடுத்ததுக்குப் போவார்கள். துணி முழுக்க முடிச்சானதும் சாயத்தில் முக்குவார்கள். காய்ந்தபின் பிரித்தால் முடிச்சிருந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி நிற்கும். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று நின்று பார்த்தாள்.

மூட்டையிலிருந்து கோடியை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கும் சொல்லிக் குடுங்கத்தா.”

முதலில் போட்ட முடிச்சுகள் அவிழ்ந்து அவிழ்ந்து போயின. வீட்டுக்குக் கொண்டுவந்து, வியாபாரம் முடிந்து திரும்பும் ஒவ்வொரு சாயங்காலமும் போட்டாள். பெருவிரல் நகம் பிளந்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, “காசு குடுத்தா அவுங்களே போட்டுத் தருவாங்களே ஒச்சம்மா” என்றாள்.

“எங்கண்ணன் போட்ட துணி டீச்சர். அடுத்த ஆளு கையில குடுக்க மாட்டேன்.”

சாயப்பட்டறையில் நிறத்துண்டுகளை ஒவ்வொன்றாக வெயிலுக்குக் கொண்டுவந்து கையில் போட்டுப் பார்த்தாள். சிவப்பு வேண்டாம். மஞ்சள் இருக்கிறது. நாவல்பழ நிறத்தில் ஒரு துண்டு. கையில் பட்டதும் அதுதான் என்று தெரிந்துவிட்டது.

தை மாதம் ராமுத்தாய் கல்யாணம். யார் கையிலோ சொல்லிவிட்டிருந்தார் அண்ணன்: சொன்னபடி வர்றதா இருந்தால் வரச் சொல்லு. ஒச்சம்மாள், “கோடியத்தான் கட்டிட்டு வாரேன்னு சொல்லுங்க” என்று பதில் சொல்லிவிட்டாள். சாயம் காய்ந்து சேலை கைக்கு வந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள்தான். உட்கார்ந்து முடிச்சுகளைப் பிரித்தாள். இழுத்துப் பிடித்தால் படபடவென்று தெறித்து, புள்ளிகள் வெளியே வரும். முந்தானையும் சேலையின் உடல்பகுதியும் பிரித்து முடிந்தன. இடுப்பில் சொருகும் உள்பக்கத்தில் இரண்டு முழம் பாக்கி நின்றது. விடிந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உள்ளேதானே போகிறது, போய் வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று அப்படியே சொருகிக் கட்டினாள்.

பந்தல் வாசலில் மதினி மறித்தாள். “என்னத்தா இது? கோடி கட்டிட்டு வாரேன்னு சொன்னியே!”

“இதுதான் மதினி. தொட்டுப் பாருங்க. ஒங்க கையால எடுத்த துணி ஒங்களுக்குத் தெரியாதா?”

அய்யம்மாள் முந்தானையைப் பிடித்து விரலால் நெருடினாள். அவளுக்குத் தெரிந்தது. கை அந்தத் துணியை விடவில்லை.

“புள்ளி புள்ளியா வெள்ளையும் இருக்கு பாருங்க,” என்றாள் ஒச்சம்மாள். “மணவறைப் பக்கம் நான் வரல. பிள்ளைய ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிர்றேன். வெரட்டுனா இப்பவே போறேன்.”

அண்ணன் பந்தக்காலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தாயார் பெண்களோடு வந்துவிட்டார். நேராக ஒச்சம்மாளிடம் வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஏனுங்க, இந்தச் சேலை எங்கீங்க எடுத்தீங்க? வர்ற வழியில இருந்து இதையேதான் பாத்துட்டு வாறனுங்க. எனக்கு இதே மாதிரி ஒண்ணு வேணுமுங்க.”

மதினியின் கை இன்னும் முந்தானையில் இருந்தது. அவள் ஒச்சம்மாளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. சின்னாளபட்டியில் எடுத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் சாப்பிடப் போய்விடலாம். ஒச்சம்மாள் நிமிர்ந்து நின்றாள். அன்றைக்கு மறைத்தால் அப்புறம் ஒவ்வொரு வாசலிலும் மறைக்கவேண்டி வரும்.

“இது எங்கண்ணன் எனக்குப் போட்ட கோடிங்க. நான் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்திக் கட்டிருக்கேன்.”

மேளக்காரர் சுதி பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தாயார் தொட்டிருந்த விரலை எடுத்துக்கொண்டார். ஒச்சம்மாளின் காது வளையத்தைப் பார்த்தார், முழங்கை வரை வந்த ரவிக்கையைப் பார்த்தார், மறுபடி சேலையைப் பார்த்தார்.

“அப்படீங்களா,” என்றார். எடுத்த விரலால் ஒரு புள்ளியைத் தொட்டார். “எனக்குப் புதுத் துணியில போட்டுக் குடுங்க. நிறம் இதுவே இருக்கட்டுமுங்க.”

“கைய நீட்டுங்க. நிறத்த வெயில்ல பாத்துத்தான் சொல்லுவேன்.”

அந்தம்மாள் சிரித்துவிட்டார். கண்ணுசாமி கிட்டே வந்தார். தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், தோளில் கிடந்த சேலையைப் பார்த்துச் சொன்னார்: “சாப்ட்டுட்டுப் போ.”

வாசல் அவ்வளவுதான் திறந்தது. அதற்குப் பிறகும் அவர் அவளை அந்தச் சேலையில் நேராகப் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் நல்லது கெட்டது எதற்கும் சொல்லிவிடாமல் இருந்ததும் இல்லை. ஒச்சம்மாள் ஒவ்வொன்றுக்கும் அதையே கட்டிக்கொண்டு போனாள். மற்ற நாட்களில் மயில் கழுத்தும் கடுகு மஞ்சளும். அண்ணன் வீட்டுக்கு மட்டும் கோடி. சாயம் லேசாக வெளுத்தபோது இன்னொரு முறை முக்கி எடுத்தாள், வெள்ளைப் புள்ளிகளிலும் நாவல் நிறம் ஏறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அண்ணன் இறந்தபோதும் அதைக் கட்டிக்கொண்டுதான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு மறு வருஷம் ஆவணியில், வடமதுரைக்குப் போய் வந்த களைப்பில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. வெள்ளை கட்டித்தான் எடுக்கவேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மதினி அய்யம்மாள், வயதான காலத்தில் பஸ் பிடித்து வந்திருந்தவள், “அவ கோடி அந்தா கெடக்கு, அத எடுங்க” என்று துணிக்கொடியைக் காட்டினாள். டீச்சர் அதை எடுத்து விரித்தாள். உள்பக்கத்தில், இடுப்பில் சொருகும் இடத்தில், இரண்டு முழத்துக்கு முடிச்சுகள் பிரிக்கப்படாமல், கோடியின் வெள்ளையை உள்ளே வைத்தபடி இருந்தன.